சர்க்கரைக்குத் துணையாக உப்பு

வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலைப் பற்றி நம் ஊரில் எல்லோரிடமும் ஒரு கருத்து இருக்கிறது: சர்க்கரை தெம்புக்கு, உப்பு உடலை விட்டுப் போன உப்பை ஈடுகட்டுவதற்கு. இதில் உப்பைப் பற்றிய பாதி ஓரளவு சரி. சர்க்கரையைப் பற்றிய பாதிதான் வெகுநாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவன் என்பதால், செல் சவ்வு வழியாகப் பொருள்கள் கடத்தப்படும் பாடத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். அந்தப் பாடத்துக்கும் இந்தக் கரைசலுக்கும் உள்ள உறவை நம் பாடநூல்கள் ஏன் ஒரு வரியில் கடந்துபோகின்றன என்ற கேள்வி, ஒரு கோடை நாளில் மருந்துக்கடை வாசலில் நின்றபோது மீண்டும் கிளம்பியது.

எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் தோளில் இரண்டு வயதிருக்கும் குழந்தை துவண்டு கிடந்தது. அவர் ஓ.ஆர்.எஸ். பாக்கெட், அதாவது அந்தக் கரைசலுக்கான பொடி, கேட்டார். கடைப் பையன் குளிர்பெட்டியைத் திறந்து, ஆரஞ்சுப் படம் போட்ட அட்டைக் குடுவை ஒன்றை எடுத்து வைத்தான். "பவுடர் குழந்தை குடிக்காதுக்கா. இது ருசியா இருக்கும், தெம்பாவும் இருக்கும்" என்றான். பவுடரையே கொடுக்கச் சொல்லி நான் குறுக்கிட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான் சார். அதுலயும் குளுக்கோஸ், இதுலயும் குளுக்கோஸ்" என்றான், கொஞ்சமும் தயங்காமல். அந்தப் பெண் பவுடரை வாங்கிக்கொண்டு போனார். பையன் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. அவன் படித்த பாடநூலும் அவனுக்கு இதற்கு மேல் சொல்லியிருக்காது.

அந்த இரண்டையுமே வாங்கி வந்து மேசையில் வைத்து அச்சடித்திருந்ததைப் படித்துப் பார்த்தேன். பொடிப் பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு இருந்தது: ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், நீரற்ற குளுக்கோஸ் 13.5 கிராம். ஆரஞ்சுக் குடுவையில் 100 மில்லிக்கே 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தது. சோடியமோ பொடியில் உள்ளதில் பாதிகூட இல்லை. தெம்புதான் நோக்கம் என்றால் குடுவைதான் சிறந்தது. பொடியில் உள்ள 13.5 கிராம் குளுக்கோஸ் கொடுக்கும் ஆற்றல் 50 கலோரியைச் சற்றே தாண்டும். ஏறத்தாழ ஓர் இட்லி. ஒரு லிட்டர் முழுவதையும் குடித்தாலும் அவ்வளவுதான். எனவே அந்தச் சர்க்கரை பசிக்காகப் போடப்பட்டது அல்ல என்பது முதல் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது கணக்கு இன்னும் சுவையானது. எடையை விட்டுவிட்டு, எத்தனை துகள்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 13.5 கிராம் குளுக்கோஸை அதன் மூலக்கூறு எடையான 180 ஆல் வகுத்தால் 75 மில்லிமோல் வருகிறது; மில்லிமோல் என்பது துகள்களை எண்ணும் அலகு. உப்பிலிருந்தும் சிட்ரேட்டிலிருந்தும் வரும் சோடியத்தைக் கூட்டினால் அதுவும் 75 மில்லிமோல். கிராமில் பார்க்கும்போது சர்க்கரை பெரும்பங்காகவும் உப்பு சிட்டிகையாகவும் தெரிகிற அந்தப் பொட்டலத்தில், எண்ணிக்கையில் இரண்டும் சமம். ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு நிற்பதற்காகவே அளந்து கட்டிய பொட்டலம் அது. யார் தோளில் யார் கைபோடுகிறார்கள் என்பதை அறியக் குடலின் உட்சுவருக்குள் போக வேண்டும்.

சவ்வின் இரு முகங்கள்

செல் சவ்வு கொழுப்பால் ஆனது என்பதும், குளுக்கோஸும் உப்பும் கொழுப்பில் கரையாதவை என்பதும், அதனால் அவை உள்ளே போகப் புரதக் கதவுகள் தேவை என்பதும் பள்ளிப் பாடம். பாடநூலில் அதற்கு அடுத்து ஓர் அட்டவணை வரும். ஒரு பக்கம் ஆற்றல் செலவில்லாமல், செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தானாக நடக்கும் கடத்தல். மறுபக்கம் செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவிட்டுச் செறிவுக்கு எதிராக நடக்கும் செயல்மிகு கடத்தல். இரண்டு மதிப்பெண் வினாவுக்கு இது போதும். ஆனால் குடலில் குளுக்கோஸ் உறிஞ்சப்படுவதை எந்தப் பக்கம் எழுதுவது என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். உணவின் கடைசித் துளிக் குளுக்கோஸ்வரை, செறிவுக்கு எதிராகவேகூட, செல் உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆகவே அது செயல்மிகு கடத்தல். ஆனால் குளுக்கோஸை உள்ளே இழுக்கும் அந்தப் புரதம் ஏடிபியைத் தொடுவதே இல்லை. ஆகவே அது செயல்மிகு கடத்தல் அல்ல. அட்டவணையின் நடுக்கோட்டில் நிற்கிற இந்த வழக்கில்தான், என் பார்வையில், முழுப் பாடமும் அடங்கியிருக்கிறது.

சிறுகுடலின் உறிஞ்சு செல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று குடலின் உள்வெளியை நோக்கியது. நுண்ணிய விரல்கள் அடர்ந்து, தூரிகை போல் தோற்றமளிப்பது. மற்றது இரத்த நாளங்களை நோக்கியது. பக்கத்துச் செல்களோடு விளிம்பில் இறுக்கமாகப் பிணைந்திருப்பதால், ஒரு முகத்தில் உள்ள புரதம் மறுமுகத்துக்கு நழுவிப் போவதில்லை. குடலை நோக்கிய முகத்தில் எஸ்.ஜி.எல்.டி.1 என்ற புரதம் இருக்கிறது. அது இரண்டு சோடியம் அயனிகளையும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறையும் சேர்த்தே உள்ளே விடும். சோடியம் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் வந்தால் அந்த வழியில் அனுமதி கிடையாது. குளுக்கோஸ் இல்லாமல் சோடியம் மட்டும் வந்தாலும் அப்படியே. உள்ளே வந்த குளுக்கோஸ், இரத்தத்தை நோக்கிய முகத்தில் உள்ள வேறொரு கதவு வழியாகத் தன் செறிவின் சரிவில் தானாக வெளியேறி இரத்தத்தில் கலக்கிறது. சோடியத்துக்கு அப்படித் தானாக வெளியேறும் வாய்ப்பில்லை. வெளியே இரத்தத்தில் அது லிட்டருக்கு 140 மில்லிமோல் அளவில் நிரம்பியிருக்கிறது. செல்லுக்குள் இருப்பது அதில் பத்தில் ஒரு பங்கு. அதை வெளியேற்றுவதற்காகவே இரத்தத்தை நோக்கிய முகத்தில் சோடியம் பொட்டாசியம் பம்ப் அமர்ந்திருக்கிறது. ஏடிபி செலவாவது அங்கேதான்.

மாடி வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொண்டால் இது சட்டென்று விளங்கும். சமையலறைக் குழாயைத் திறக்கும்போது மின்சாரம் செலவாவதில்லை; தண்ணீர் தானாகத்தான் கொட்டுகிறது. ஆனால் மின்கட்டண ரசீதில் அந்தத் தண்ணீரின் விலை இருக்கிறது, ஏனென்றால் காலையில் மோட்டார் ஓடியது. மின்சாரம் நின்றுபோன பிறகும் கொஞ்ச நேரம் குழாயில் தண்ணீர் வரும். தொட்டி வற்றியதும் நின்றுவிடும். பம்பை மருந்து கொடுத்து முடக்கினால் குடலிலும் இதுவே நடக்கிறது: குளுக்கோஸ் உறிஞ்சப்படுவது மெல்ல மெல்லக் குறைந்து நின்றுபோகிறது, குளுக்கோஸ் கதவில் எந்தப் பழுதும் இல்லாதபோதும்.

இங்கே என் மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். பம்ப் என்றால் ஏதோ ஒரு பொருளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கருவி என்று நாம் கற்பிக்கிறோம். சோடியத்தை வெளியே கொண்டுசேர்ப்பதால் யாருக்கு என்ன லாபம்? வெளியே அது ஏற்கெனவே வேண்டிய அளவு இருக்கிறது. பம்ப் உண்மையில் உற்பத்தி செய்வது ஒரு வேறுபாட்டை: உள்ளே குறைவு, வெளியே அதிகம். அந்த வேறுபாட்டைக் கொண்டுதான் குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் உள்ளே வருகின்றன, நரம்பில் துடிப்பு ஓடுகிறது, செல் தண்ணீரால் வீங்கி வெடிக்காமல் இருக்கிறது. ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இந்த ஒரு பம்புக்கே போகிறது. மூளையில் அந்தப் பங்கு இன்னும் பெரிது. சும்மா படுத்திருக்கும் மனிதன் எதற்காகச் சாப்பிட வேண்டும் என்ற கேள்விக்கு, கணிசமான அளவுக்குச் சோடியத்தை வெளியே தள்ளத்தான் என்று பதில் சொல்வது மிகையாகாது.

நண்டுக் கால் நரம்பு

அந்தப் பம்பைக் கண்டெடுத்தவர் அதைத் தேடிப் போகவில்லை. டென்மார்க்கின் ஓர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவரான யென்ஸ் கிறிஸ்டியன் ஸ்கவ், மரத்துப்போகச் செய்யும் ஊசி மருந்துகள் நரம்பின் சவ்வில் எப்படி வேலை செய்கின்றன என்பதை ஆராய்ந்துகொண்டிருந்தார். சவ்வில் பதிந்திருக்கும் ஒரு நொதி அவருக்குத் தேவைப்பட்டது. 1953 கோடையில் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் ஆய்வு நிலையத்துக்குப் போனபோது, கணவாயின் பெரிய நரம்பிழை உறையில் ஏடிபியை உடைக்கும் நொதி ஒன்று இருப்பதை அறிந்தார். ஊர் திரும்பியதும் கணவாய்க்குப் பதிலாகக் கடற்கரை நண்டுகளை எடுத்துக்கொண்டார். அவற்றின் கால் நரம்புகளைப் பிரித்து அரைத்து, சவ்வுத் துணுக்குகளை எடுத்து, ஏடிபி எவ்வளவு வேகமாக உடைகிறது என்று அளந்தார். சோடியத்தை மட்டும் சேர்த்தபோது சிறிதே மாற்றம். பொட்டாசியத்தை மட்டும் சேர்த்தபோதும் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தபோது நொதி வேகமெடுத்தது.

நரம்புத் துடிப்பின்போது சோடியம் உள்ளே நுழைவதும் பொட்டாசியம் வெளியேறுவதும் அப்போதே தெரிந்திருந்தன. அவற்றை மீண்டும் பழைய இடத்தில் வைப்பது எது என்பதுதான் தெரியாமல் இருந்தது. தன் கையில் இருப்பது அதுவே என்று ஸ்கவ் ஊகித்தார். ஆனாலும் 1957-இல் வெளியான கட்டுரையின் தலைப்பில் பம்ப் என்ற சொல்லை அவர் வைக்கவில்லை. அது துடுக்காகப் படும் என்று நினைத்ததாகப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். தலைப்பு சாதுவாக இருந்ததால் பலர் கவனிக்கவும் இல்லை. அடுத்த ஆண்டு வியன்னா மாநாட்டில் அமெரிக்கரான ராபர்ட் போஸ்ட்டைச் சந்தித்தார். சிவப்பணுக்களில் மூன்று சோடியம் வெளியேறும்போது இரண்டு பொட்டாசியம் உள்ளே வருவதைக் கணக்கிட்டிருந்தவர் அவர். இந்த நொதியை உவாபைன் தடுக்கிறதா என்று போஸ்ட் கேட்டார். உவாபைன் ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவப்பட்ட தாவர நஞ்சு. சோடியம் வெளியேற்றத்தை அது நிறுத்தும் என்பது போஸ்ட்டுக்குத் தெரியும், ஸ்கவ்வுக்குத் தெரியாது. ஸ்கவ் ஓர்ஹுஸுக்குத் தொலைபேசியில் பேசிச் சோதிக்கச் சொன்னார். தடுக்கிறது என்று பதில் வந்தது. 1997-இல் வேதியியல் நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது. கண்டுபிடித்து நாற்பது ஆண்டுகள் கழித்து.

பம்ப் செய்வதைச் சற்றே அருகில் போய்ப் பார்க்கலாம். அது செல்லின் உட்புறம் வாய்திறந்து நிற்கும்போது மூன்று சோடியம் அயனிகள் கச்சிதமாக அமரும் குழிகள் அதில் இருக்கின்றன. அவை நிரம்பியதும் ஏடிபியின் கடைசிப் பாஸ்பேட் பிய்ந்து புரதத்தின் ஒரு குறிப்பிட்ட அஸ்பார்டிக் அமிலத்தில் ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒட்டுதலால் புரதம் முழுவதும் முறுக்கிக்கொண்டு உட்புற வாயை மூடி வெளிப்புறம் திறக்கிறது. புதிய வடிவத்தில் குழிகள் சோடியத்துக்குப் பொருந்துவதில்லை, அது உதிர்ந்துபோகிறது. இரண்டு பொட்டாசியத்துக்கு இப்போது இடம் சரியாக இருக்கிறது. அவை அமர்ந்ததும் பாஸ்பேட் கழன்று விழுகிறது, புரதம் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது, பொட்டாசியம் உள்ளே இறங்குகிறது. பம்ப் எந்த அயனியையும் பிடித்துத் தள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தன் வடிவத்தை மாற்றுவதற்கு மட்டுமே அது ஆற்றலைச் செலவிடுகிறது.

பிராக், 1960

என்னைப் பொறுத்தவரை இந்தக் கதை திரும்பும் இடம் 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் நடந்த ஒரு கருத்தரங்கு. குடல் சர்க்கரையை உறிஞ்சுவதை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் அங்கே ஒரு வரைபடத்தை முன்வைத்தார். குளுக்கோஸ் செல்லுக்குள் ஏறுவதற்குக் குளுக்கோஸிலேயே ஆற்றல் ஏற்றப்பட வேண்டும், அதாவது அதில் பாஸ்பேட் ஒட்ட வேண்டும் என்பது அதுவரை பலருடைய நம்பிக்கை. அந்த வழியில் தேடியவர்களுக்கு விடை கிடைக்கவில்லை. கிரேன் சொன்னது வேறு. சோடியம் தன் சரிவில் உள்ளே இறங்குகிறது. இறங்கும்போது அதே தாங்கியில் (முன்பு சொன்ன குளுக்கோஸ் கதவில்) குளுக்கோஸையும் உடன் இழுத்து வருகிறது. பம்ப் சோடியத்தை வெளியேற்றிச் சரிவைக் காக்கிறது. குளுக்கோஸுக்கு ஆற்றல் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை.

இந்தக் கருத்தின் அழகு, வேலை நடக்கும் இடத்தையும் விலை கொடுக்கும் இடத்தையும் தனித்தனியாகப் பிரித்ததில் இருக்கிறது. அதுவரை, எங்கே ஒரு பொருள் மேட்டை நோக்கி ஏறுகிறதோ அங்கேயே எரிபொருளையும் தேடினார்கள். கிரேன் சோடியத்தை வெளியேற்றும் பம்பைக் காட்டினார். ஒரு பொருளின் பயணம் இன்னொரு பொருளின் பயணத்தோடு பூட்டப்பட்டிருக்கலாம் என்று முதலில் முன்மொழிந்தவர் அவரே. அந்தத் தாங்கியின் மரபணுவை எர்னஸ்ட் ரைட் குழுவினர் பிரித்தெடுத்தது 1987-இல். அதாவது இருபத்தேழு ஆண்டுகள் அது ஒரு வரைபடமாகவே இருந்து வேலை செய்தது. நம் பாடநூலில் இதற்கு இரண்டாம் நிலைச் செயல்மிகு கடத்தல் என்று பெயர் சூட்டி ஒரு வாக்கியம் ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டாம் நிலை என்று படித்ததும் மாணவர்கள் இதைத் துணைச்செய்தியாக எடுத்துக்கொண்டு தாண்டிவிடுகிறார்கள்.

காலரா தொடாத கதவு

காலராக் கிருமி குடலுக்குள் நுழைந்து செல்லைக் கொல்வதில்லை, சவ்வைக் கிழிப்பதும் இல்லை. அதன் நஞ்சு செல்லுக்குள் சுழல் ஏ.எம்.பி. என்ற தூதுப் பொருளை அளவுமீறிப் பெருக்குகிறது. அதனால் குளோரைடு வெளியேறும் வழி திறந்தபடியே நின்றுவிடுகிறது. குளோரைடின் பின்னால் சோடியமும், இரண்டின் பின்னால் தண்ணீரும் குடலுக்குள் கொட்டுகின்றன. உப்பை வழக்கமாக உறிஞ்சும் இன்னொரு வழியையும் அது அடைத்துவிடுகிறது. கடுமையான நிலையில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர்வரை போய்விடும். வெறும் தண்ணீரைக் குடித்தாலும் உப்புத் தண்ணீரைக் குடித்தாலும் பலனில்லாமல் போவதற்குக் காரணம் இதுவே. ஆனால் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்து உள்ளே விடும் அந்தக் கதவை நஞ்சு தொடுவதில்லை. பம்பும் மறுபக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. குளுக்கோஸைக் கொடுத்தால் சோடியம் உள்ளே போகும். சோடியம் போனால் தண்ணீர் பின்தொடரும். கரைசலில் உள்ள சர்க்கரை, உப்பையும் தண்ணீரையும் உள்ளே கொண்டுபோவதற்கான நுழைவுச்சீட்டு.

ஆய்வகத்தில் கண்டுபிடித்தார்கள், உடனே மருத்துவமனையில் பயன்படுத்தினார்கள் என்று இதை நேர்க்கோடாகச் சொல்லுவதும் உண்டு. அது அவ்வளவு சரியல்ல. கொல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி, கிரேன் வரைபடம் போடுவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1953-இல், காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துப் பலன் கண்டதை லான்செட் மருத்துவ இதழில் எழுதியிருந்தார். ஏன் பலன் தருகிறது என்ற விளக்கம் இல்லாததால் அது பெரிதாக எடுபடவில்லை என்பது என் கணிப்பு. விளக்கம் வந்த பிறகு, டாக்கா காலரா ஆய்வகத்தில் டேவிட் நேலின், ரிச்சர்ட் கேஷ் ஆகிய இளம் மருத்துவர்கள், போகிற அளவை அளந்து அதே அளவுக்கு வாய்வழியே கொடுத்தால் இரத்த நாளத்தில் ஏற்றும் சலைனின் தேவை பெரிதும் குறைகிறது என்று 1968-இல் காட்டினார்கள்.

அதுவும் மருத்துவமனைக்குள் நடந்த ஆய்வுதான். வெளியே சோதிக்கும் நிர்ப்பந்தம் 1971-இல் வந்தது. வங்கதேசப் போரில் எல்லை தாண்டி வந்த மக்கள் மேற்கு வங்கத்தின் பொங்காவ் பகுதியில் முகாம்களில் நெருக்கியடித்துக் கிடந்தபோது காலரா பரவியது. கொல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்தில் வேலை பார்த்த குழந்தை மருத்துவர் திலீப் மகலனாபிஸ் ஜூன் மாதத்தில் அங்கே போனார். இரண்டு அறைகள், பதினாறு படுக்கைகள், தரையெல்லாம் நோயாளிகள். அவர்களுடைய கழிவுக்கு நடுவே மண்டியிட்டுத்தான் ஊசி போட முடிந்தது என்று அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். சலைன் தீர்ந்துகொண்டிருந்தது, அதை ஏற்றத் தெரிந்தவர்களும் போதவில்லை. மையத்தின் நூலக அறையில் பணியாளர்கள் உட்கார்ந்து, ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று எடைபோட்டு, பாலித்தீன் பைகளில் நிரப்பி, சூடான இஸ்திரிப்பெட்டியால் ஒட்டினார்கள். முகாமில் அதைப் பெரிய பீப்பாய்களில் கரைத்துக் குழாய் வைத்தார்கள். நோயாளியின் உறவினர்களே குவளையில் பிடித்துப் புகட்டினார்கள். செலவு லிட்டருக்கு 11 பைசா. ஊசி வழியே ஏறுவதுதான் மருந்து என்று மக்கள் நம்பியதால், இதை வாய்வழிச் சலைன் என்று சொல்லிக் கொடுத்தார்கள். நம் ஊரிலும் டிரிப்ஸ் ஏற்றினால்தான் மனம் ஆறும் என்பவர்கள் குறைவில்லை என்பதால் இந்தச் சாமர்த்தியம் எனக்கு மிகவும் பிடித்தது. முப்பது சதவீதம்வரை போயிருந்த இறப்பு, அவருடைய பொறுப்பில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 3.6 சதவீதமாக இறங்கியது.

1978-இல் லான்செட் இதழின் தலையங்கம், சோடியமும் குளுக்கோஸும் பிணைந்து கடத்தப்படுவதைக் கண்டறிந்ததே இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று எழுதியது. அது கரைசலைப் புகழவில்லை, பிணைப்பைப் புகழ்ந்தது என்பது பலர் கண்ணில் படாத நுணுக்கம். மகலனாபிஸ் 2022-இல் காலமானார்; மறு ஆண்டு பத்மவிபூஷண் அறிவிக்கப்பட்டது.

சர்க்கரை கூடினால் என்ன

இப்போது அந்த ஆரஞ்சுக் குடுவைக்கு வரலாம். கதவுகளின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. அவை எல்லாம் நிரம்பி வேலை செய்யும்போது மேலும் சர்க்கரை வந்தால், அது குடலுக்குள்ளேயே தங்குகிறது. தங்கிய சர்க்கரை சவ்வூடு பரவல் விதிப்படி உடலிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கிறது. வயிற்றுப்போக்குக்குக் கொடுத்த பானமே வயிற்றுப்போக்கைக் கூட்டும். உடன்செல்லச் சோடியமும் போதாதபோது கேடு இரட்டிப்பாகிறது. உலக சுகாதார நிறுவனம் நல்ல கரைசலிலேயே இந்த இடரைக் கண்டு 2002-இல் அளவைத் திருத்தியது: லிட்டருக்கு 111 மில்லிமோலாக இருந்த குளுக்கோஸ் 75 ஆகவும், 90 ஆக இருந்த சோடியமும் 75 ஆகவும், கரைபொருள்களின் மொத்தச் செறிவு 311-லிருந்து 245 ஆகவும் குறைக்கப்பட்டன. இவ்வளவு நுட்பமாகக் குறைக்கப்பட்ட ஒன்றின் பெயரைப் பல மடங்கு சர்க்கரை கொண்ட பழரசத்தின் மேல் அச்சடிக்க இந்தியாவில் நெடுநாள் இடம் கொடுத்திருந்தோம். ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படிப் பெயர் வைப்பதற்குத் தடை விதித்தது. தடை நல்லது. ஆனால் "ரெண்டும் ஒண்ணுதான்" என்ற நம்பிக்கையை எந்த ஆணையும் தடை செய்ய முடியாது. அது வகுப்பறையில்தான் நீங்க வேண்டும்.

பொட்டலம் கிடைக்காத வீட்டில் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி கொடுக்கும் நம் வழக்கத்துக்கு இதே கணக்கில் நல்ல நியாயம் இருக்கிறது. மாவுச்சத்து பெரிய மூலக்கூறு. பானையில் இருக்கும்போது அது தண்ணீரை இழுக்கும் ஆற்றல் குறைவு. குடலில் சிறிது சிறிதாகக் குளுக்கோஸாக உடையும்போது ஒவ்வொன்றும் உடனுக்குடன் சோடியத்தோடு உள்ளே போய்விடுகிறது. டாக்காவில் 1980-களில் அரிசிமாவுக் கரைசலைக் கொண்டு நடத்திய ஆய்வுகளில் காலரா நோயாளிகளின் போக்கின் அளவு குறைந்தது. பாட்டிகளுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று மார்தட்டிக்கொள்ள நான் தயாரில்லை. உப்பே போடாமல் கஞ்சித் தெளிவைக் கொடுத்த பாட்டிகளும், வயிற்றால் போகும் குழந்தைக்குத் தண்ணீரே காட்டாத பாட்டிகளும் இருந்தார்கள்.

சிறுநீரகத்தில் அதே குடும்பம்

குடல் கதவின் உடன்பிறப்பு ஒன்று சிறுநீரகத்தில் இருக்கிறது. நாள்தோறும் சிறுநீரகம் வடிகட்டும் நீரில் 180 கிராம் அளவுக்குக் குளுக்கோஸ் இறங்கிவிடுகிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கை எஸ்.ஜி.எல்.டி.2 என்ற புரதம் சோடியத்தின் துணையோடு மீட்டு இரத்தத்துக்கு அனுப்புகிறது. இந்த மீட்பை வேண்டுமென்றே தடுப்பதுதான் டாபாகிளிஃப்ளோசின் போன்ற புதிய நீரிழிவு மாத்திரைகளின் வேலை. இதன் மூதாதை ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து 1835-இல் பிரித்தெடுக்கப்பட்ட ஃபுளோரிசின். அது உடலில் சேர்ந்தால் சிறுநீரில் சர்க்கரை வெளியேறுவதை 1886-இல் ஜெர்மானியரான யோசஃப் ஃபொன் மேரிங் கவனித்தார். காப்புரிமை முடிந்து விலை இறங்கியபின் இம்மாத்திரைகள் நம் ஊரில் சாதாரணமாகிவிட்டன.

என் மாமா இதைச் சாப்பிடுகிறவர். சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பதறிப்போய்த் தொலைபேசியில் கூப்பிட்டார். "என்னடா இது, மாத்திரை போட்டும் சர்க்கரை நாலு பிளஸ் காட்டுது?" அந்த நாலு பிளஸ்தான் மாத்திரை வேலை செய்வதற்குச் சாட்சி என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவர் கேட்ட அடுத்த கேள்வி நான் வகுப்பில் எதிர்பார்க்கிற தரத்தில் இருந்தது: அப்படியானால் வயிற்றால் போகும்போது உப்புச் சர்க்கரைக் கரைசல் தனக்குப் பலிக்குமா, அந்த மாத்திரை குடலின் கதவையும் சேர்த்து அடைத்துவிடாதா? அடைக்காது. அது பெரும்பாலும் சிறுநீரகத்தின் கதவைத்தான் குறிவைக்கிறது. குடலில் இருப்பது வேறு புரதம், வேலை செய்துகொண்டிருக்கும். லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸுக்கு நீரிழிவுக்காரரும் பயப்பட வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது மறுபக்கம்: சிறுநீரில் போகும் சர்க்கரை தண்ணீரையும் உடன் இழுத்துப் போவதால், வாந்தியும் வயிற்றுப்போக்கும் இருக்கும் நாள்களில் அந்த மாத்திரை உடலை மேலும் வறட்டிவிடும், இரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும் ஆபத்தும் உண்டு. அடுத்த முறை மருத்துவரிடம் போனபோது மாமா இதைக் கேட்டார். அப்படிப்பட்ட நாள்களில் அந்த ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டுத் தனக்குத் தொலைபேசி செய்யவும், கரைசலை மட்டும் நிறுத்தாமல் குடிக்கவும், வாந்தி நிற்காவிட்டால் நேரே வந்துவிடவும் மருத்துவர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.